ஒன்பது அலறல்

"அந்தம்மா பண்ணின அட்டகாசத்துக்கு இன்னிக்கு ஒரு முடிவு கட்டாம விடமாட்டேன்!"

ஒலிக்கலவை அறைக்குள் நுழையும்போதே சவுண்டுக்காரர் பொரிந்தார்.

எடிட்டர் சிரித்தார். "படமே அந்தம்மா மூஞ்சியிலதான் ஓடுது. பார்த்தவங்க எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

"மூஞ்சி ஓடட்டும். தொண்டை எதுக்கு ஓடணும்?"

விஷயம் இதுதான். இருநூறு வருஷத்துக்கு முந்தைய பேய்க்கதை. மாளிகைக்குப் புதுப்பெண்ணாக வந்த கதாநாயகி, கட்டிலில் படுத்தபடி பேய்க்காகக் காத்திருக்க வேண்டும். மெழுகுவத்தி வெளிச்சம் மட்டும்தான். ஃபேன் கூடாது, பேச்சு கூடாது. நடிக்கும்போதே ஒலியையும் பதிவு பண்ணுகிற படம். குண்டூசி விழுந்தாலும் கேட்கும்.

கதைப்படி அந்தக் காட்சியில் அவள் வாயே திறக்கக் கூடாது. பயம் கண்ணில் மட்டும் தெரிந்தால் போதும். அந்தம்மாவோ நினைத்த இடத்தில் 'வீல்' என்று அலறினாள். ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை. ஒன்பது தடவை!

கட்டிலை ஒட்டிய அட்டைச் சுவருக்குப் பின்னால், தனியாக உட்கார்ந்திருந்த சவுண்டுக்காரருக்கு ஒவ்வொரு தடவையும் உயிர் போய்த் திரும்பி வந்தது. ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக் கேட்பது அவர் வழக்கம். கண்ணை மூடினால்தான் காது திறக்கும் என்பார். அந்த நேரம் பார்த்து அலறினால் மனுஷன் என்ன ஆவது?

டைரக்டர் தள்ளி உட்கார்ந்து மானிட்டரில் முகத்தை மட்டும் பார்ப்பவர். ஒவ்வொரு அலறலுக்கும் கைதட்டினார். மற்றபடி ஆள் கறார். முதல் நாளே ஒரு லைட்மேன் லேசாகக் கண்ணயர்ந்ததற்கு, "வீட்டுல போய் நிம்மதியா தூங்குப்பா" என்று ஒரேயடியாக அனுப்பிவிட்டார்.

"பேர் வாங்கணும்னு கத்தியிருக்கா. நான் கஷ்டப்பட்டுப் பிடிச்ச அமைதியெல்லாம் பாழ். ஒன்பதையும் வெட்டிட்டுத்தான் மறுவேலை" என்றார் சவுண்டுக்காரர்.

டைரக்டர் வந்தார். பின்னாலேயே கதாநாயகியும் வந்தாள். ஏதோ இரண்டு வரி டப்பிங் பாக்கி.

"வணக்கம்ணே."

சவுண்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, டைரக்டரிடம் ஆரம்பித்தார். "சார், அலறல் எல்லாம் பிசிறடிக்குது. கதையோடவும் ஒட்டலை. அதுக்கு முந்தின அமைதி எவ்வளவு அருமைன்னு ஒரு தடவை கேளுங்க, அப்புறம் நீங்களே சொல்லுங்க."

வால்யூமை முழுசாக ஏற்றினார்.

அமைதி. மெழுகுவத்தித் திரி படபடத்தது. போர்வை உரசியது.

பிறகு, 'கொர்ர்ர்...'

மெலிசாக ஏறி, உச்சியில் ஒரு விசிலடித்து, உறுமலாக இறங்கத் தொடங்கியது. முழுசாக இறங்குவதற்குள், 'வீல்!'

டைரக்டர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "அலறலுக்கு முன்னாடி என்னய்யா அது?"

சவுண்டுக்காரருக்கு அது நன்றாகத் தெரிந்த சத்தம். அந்த விசிலையும் உறுமலையும்தான் அவர் மனைவி முன்பெல்லாம் தினமும் காலையில் பழித்துக் காட்டுவாள். இப்போது வீட்டில் மூன்று மாத இரட்டைக் குழந்தைகள். விடியும்வரை ஆளுக்கொன்றைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார்கள். அப்படியானால் அவர் தூங்கிய தூக்கமெல்லாம் அட்டைச் சுவருக்குப் பின்னால்தானா?

"நான்தான் சார்" என்று முந்திக்கொண்டாள் கதாநாயகி. "பேய் நெருங்குறப்ப தொண்டையில ஒரு சத்தம் குடுத்துப் பார்த்தேன். நல்லா இல்லையா?"

"நல்லா இல்லையாவா? புல்லரிக்குதும்மா! இதான் பேயோட குரல். மைக் முன்னாடி போய் இதையே பண்ணுங்க, தனியா எடுத்துக்கலாம்."

அவள் ஒரு விநாடி தயங்கிவிட்டுக் கண்ணாடி அறைக்குள் போனாள்.

சவுண்டுக்காரர் இரண்டாவது அலறலைத் தேடினார். ஹெட்போனில் ஒரு காதை வைத்துக் கேட்டார். பிறகு ஐந்தாவது. பிறகு ஒன்பதாவது. எல்லாவற்றுக்கும் முன்னால் அதே 'கொர்ர்ர்.' அவர் குறட்டை முற்றுவதற்குள், ஒவ்வொரு தடவையும் அவள் தன் தொண்டையைக் கிழித்துக்கொண்டு அவரை எழுப்பியிருக்கிறாள். அவளைப் பற்றி யார் யாரிடமெல்லாம் என்னென்ன பேசினோம் என்று நினைக்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது.

உள்ளே அவள் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தாள். அழச் சொன்னால் ஆறாய் அழுவாள். பேய் பிடித்தவளாக ஆடச் சொன்னால் பார்க்கிறவனுக்குக் காய்ச்சல் வரும். குறட்டை மட்டும் வரவில்லை. முதல் தடவை பூனை மாதிரி இருந்தது. அடுத்த தடவை வாய் கொப்பளிக்கிற மாதிரி. மூன்றாவதை என்னவென்று சொல்வதென்றே தெரியவில்லை.

டைரக்டரின் புருவம் சுருங்கியது. "என்னம்மா இது? ஷூட்டிங்ல பண்ணினது நீங்கதானே?"

"தொண்டை கட்டியிருக்கு சார்... இன்னும் ஒரே ஒரு தடவை..."

"இல்ல, எனக்குப் புரியலை. நீங்க இல்லேன்னா வேற யாரு?"

சவுண்டுக்காரர் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். எழுந்து போய்க் கண்ணாடி அறைக் கதவைத் திறந்தார்.

"வெளியே வாங்கம்மா. எனக்காக நீங்க கத்தினதெல்லாம் போதும்."

அப்புறம் டைரக்டர் பக்கம் திரும்பினார்.

"அவங்களுக்கு அது வராது சார். ஒரு தலையணை மட்டும் கொண்டாரச் சொல்லுங்க. அந்தச் சத்தம் வேணும்னா, நான்தான் தூங்கணும்."