பேருந்து நிலையத்துத் தழும்பு

காணாமல் போன பிள்ளைகளின் முகங்களை எல்லா ஊர்த் திரைகளும் கணினி கணித்து நாளுக்கு நாள் வளர்த்துக் காட்டும். ஒரே முகம் மாறாமல் நின்றால் திரையில் தழும்பு விழுந்துவிடும். அதைத் தடுப்பதுதான் என் வேலை.

எங்கள் பேருந்து நிலையத்துத் திரையில் மட்டும் நான் தடுக்கவில்லை. அமலோற்பவம் அக்கா அப்படிக் கெஞ்சினார்.

"எம்புள்ளய வளத்துப்புடாத தாயி. நான் தொலைச்சது ஆறு வயசு ஜெசிந்தாவ."

பதினைந்து வருடத்தில் முகம் அழியாமல் பதிந்துவிட்டது. டீத்தூள் விளம்பரத்துக்கு அடியிலும் முன்பல் இல்லாத அந்தச் சிரிப்பு தெரிந்தது. மேலிடம் எனக்கு மெமோ கொடுத்து, புதுத் திரையும் அனுப்பியது.

இன்று பழையதன் கடைசித் திருகாணியைக் கழற்றும்போது, பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருத்தி கத்திக்கொண்டே ஓடி வந்தாள்.

"கழட்டாதீங்கக்கா! அது நான்!"

அவள் கைப்பேசியில், வளர்த்தவர்கள் எடுத்த முதல் படம். அதே பொக்கைச் சிரிப்பு, அதே இடதுபுருவ வெட்டு. தன் ஊர்த் திரையில் வளர்ந்த ஜெசிந்தாவை அவள் தினமும் பார்த்திருக்கிறாள். யாரோ என்று கடந்து போயிருக்கிறாள்.

அக்காவின் நம்பரை மூன்று முறை தப்பாக அழுத்தினேன்.

"அக்கா, ஓடியாங்க! ஒங்க புள்ள வளந்து நிக்கிறா!"