நடு இலக்கம்

ரெஜினாவின் மகளுக்கு அன்று காய்ச்சல். கஞ்சி ஊட்டும்போது குழந்தையின் முகத்துக்குக் குறுக்கே எழுத்துகள் ஓடின: "பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு உடனே வரவும்." ஊழியர்களின் கண்ணுக்குள் பொருத்திய திரையில் நிறுவனம் நினைத்த நேரத்தில் எழுதும். கண்ணை மூடினாலும் எழுத்து போகாது.

அந்தத் திரைகளைத் திறந்துவிடும் கணினி நிரலை எழுதியவளே ரெஜினாதான். யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்பதை அதில் மூன்று இலக்கங்கள் முடிவுசெய்யும்: 620. முதல் இலக்கம் கண்ணுக்குச் சொந்தக்காரருக்கு; நடுவிலிருக்கும் இரண்டுதான் நிறுவனம் எழுதுவதற்கான அனுமதி. கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மடிக்கணினியைத் திறந்து அந்த இரண்டை அழித்துப் பூஜ்யம் போட்டாள், எல்லா ஊழியர்களுக்கும் சேர்த்து.

மாலையில் மேலாளர் தில்லைவாணன் நேரிலேயே வந்துவிட்டார்.

"யார் கண்ணுலயும் எழுத முடியல. என்ன பண்ணி வெச்சிருக்க?"

"அனுமதிய எடுத்துட்டேன் சார். காலையில எழுதினீங்களே, அதை இப்ப வாயால சொல்லுங்க."

அவள் தோளில் துவண்டு கிடந்த குழந்தையைப் பார்த்தார்.

"வேலை போயிடும் ரெஜினா," என்றார் கடைசியில், தரையைப் பார்த்தபடி.

"போகட்டும் சார். திரைய நான் திறக்க மாட்டேன். அவங்கவங்க கண்ணு, அவங்கவங்கதான் திறக்கணும். வீடு வீடாப் போய்க் கேளுங்க. பக்கத்து வீட்டு ஜெபமணி அக்காவும் நம்ம கம்பெனிதான். அவங்கள மட்டும் கடைசியாக் கேளுங்க. இன்னிக்குத்தான் கண்ணுல எழுத்து இல்லாமத் தூங்குறாங்க."