வண்டிச் சத்தம்

"இந்தக் கிழட்டு ஃப்ளாட்ஹெட் என்ஜினுக்கு டர்போவா? சூடு தாங்காது, தம்பி. பந்தயத்துக்கா போகப் போறே?" மெக்கானிக் பானெட்டைப் படாரென்று மூடினார்.

"வேகம் வேண்டாம், அண்ணே. டர்போ போட்டா சத்தம் மாறுமாமே?"

"அதுக்கு சைலன்சரை மாத்தினா போதாதா?"

"மாத்தினேன். சத்தம் குறைஞ்சுது. ஆனா அம்மா கண்டுபிடிச்சுடறாங்க."

"பிடிக்கலைன்னா வித்துத் தொலையேன்!"

"அம்மா விட மாட்டாங்க. இது எங்கண்ணன் வண்டி. அவன் செத்து ஒரு வருஷமாச்சு. தெருமுனையில சத்தம் கேட்டதும், 'பெரியவன் வந்துட்டான்'னு தன்னை மறந்து வாசலுக்கு ஓடி வர்றாங்க. இறங்கறது நான்னு தெரிஞ்சதும் அவங்க முகம் போற போக்கை தினம் பார்க்க முடியலண்ணே."

மெக்கானிக் மூடிய பானெட்டை மறுபடி திறந்தார்.

"டர்போ அழுத்தத்தைக் குறைச்சு வெச்சு மாட்டித் தரேன், தம்பி. தாங்கும்."