உள்ளேன் ஐயா

தோப்புக் கல்லூரியில் நாரைப் பேராசிரியர் வருகை எடுத்தபோது, வளையில் தூங்கிக்கொண்டிருந்த தோழன் சுண்டெலிக்காக அணில் குரலை மாற்றி, "உள்ளேன் ஐயா" என்றது.

அன்றைய பாடம் எலிப்பொறி. "கருவாட்டு வாசனை வந்தால் கிட்டே போகாதீர்கள்," என்றார் நாரை.

அணிலுக்குப் பகீரென்றது. காலையில் சுண்டெலியின் வளையருகே அந்த வாசனைதானே வீசியது!

"நடுவில் எழுந்து போனால் திரும்ப உள்ளே வர முடியாது," என்று நாரை எச்சரித்தும் அது ஓடியது. பொறிக்குள் தலையை நீட்டிய சுண்டெலியை வாலைப் பிடித்து இழுத்துப் போட்டது.

"உனக்கு வகுப்பு இல்லையாடா?"

"நீயும் அங்கேதான்டா இருக்கே!" என்று மூச்சிரைத்தது அணில்.

இருவரும் திரும்பியபோது கதவு சாத்தியிருந்தது. ஜன்னலுக்குக் கீழே ஒடுங்கி உட்கார்ந்தார்கள். எட்டிப் பார்த்த நாரை கதவைத் திறக்கவில்லை; பாடத்தை மட்டும் முதலிலிருந்து, உரக்கச் சொல்லத் தொடங்கினார்.