ஆவுடையப்பனின் விரல்

லேசான பக்கவாதம் வந்து போனதிலிருந்து ஆவுடையப்பனுக்கு நாக்கில் ருசியே இல்லை. ருசியையும் நெஞ்சுத் துடிப்பையும் நமக்கு உணர்த்துகிற மூளை மடிப்பு ஒன்று அடிபட்டிருக்கிறது என்றார் மதுரை டாக்டர். நாடியைத் தொடாமல், உள்ளே உணர்கிற துடிப்பை மேசையில் விரலால் தட்டிக் காட்டச் சொன்னார். அவன் தட்டியது துடிப்பைக் காட்டிய மெஷினோடு சேரவே இல்லை.

வீட்டில் மறுபடியும் தட்டிக் காட்டினான். விளையாட்டாகத் தன் நெஞ்சில் கை வைத்த மனைவி மாரீஸ்வரி திடுக்கிட்டாள்.

"என்னங்க, இது என் துடிப்புல்லா!"

அன்றிலிருந்து இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற அவன் கம்பெனியில், தறிச் சட்டத்தின் மேல் அந்த விரல் தட்டிக்கொண்டே இருந்தது. கரண்ட் போய்த் தறிகள் நின்றாலும் அது நிற்காது. வீட்டில் அவள் தண்ணீர்க் குடம் தூக்கினால் இங்கே வேகமெடுக்கும்.

ஆடி வெள்ளியன்று மாரீஸ்வரி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனாள். மத்தியானம், தறிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே விரல் நின்றது.

"ஏலே, சொகமாயிட்டியா?" என்று சிரித்தான் பக்கத்துத் தறி விஜயபாண்டி.

ஆவுடையப்பன் அவளுக்கு போன் போட்டான். எடுக்கவில்லை. திரும்பியிருப்பாளோ என்று வீட்டுக்கு ஓடினான்.

பொழுது சாய அவளே வந்தாள். மத்தியானம் போகும்போது பஸ்ஸில் அசந்துவிட்டாளாம், போன் அடித்ததே தெரியவில்லையாம். வாங்கி வந்த பால்கோவாவை அவன் வாயில் ஊட்டினாள். இனித்தது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏட்டி, எனக்குச் சரியாயிருச்சு!"

"எங்க, தட்டுங்க பாப்போம்."

தட்டினான். நாடியைத் தொட்டுப் பார்த்தான்; அவன் துடிப்பேதான். அவள் தன் நெஞ்சில் கை வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"என்னங்க," என்றாள், "எனக்கு இங்க ஒண்ணுமே அடிக்கலையே."