ஜன்னல் இடுக்கில் துணி

மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து, தையல்காரர் வெட்டுத் துணிகளைத் திரித்துத் திரித்து வீட்டு ஜன்னல் அத்தனையின் இடுக்கிலும் திணித்தார். கண்ணாடி இம்மியும் ஆடக் கூடாது.

மேலே திரையை இழுத்து விட்டார்.

பக்கத்து ஏவுதளத்திலிருந்து ராக்கெட் கிளம்பும்போது வீட்டுக்குள் எவ்வளவு சத்தம் கேட்கிறது என்று அளக்க ஒரு பெண் வந்தாள். கூடத்து நடுவில் முக்காலியை நிறுத்தி மைக்கைப் பொருத்தினாள்.

அளவு வரம்பைத் தாண்டினால் தெருவையே காலி செய்து, தொலைவில் புது வீடு கொடுப்பார்களாம். தெருவே தலைகால் புரியாமல் குதித்தது. எதிர்வீட்டுக்காரர், கொஞ்சம் ஏற்றிப் போட்டுக்கொள்ளக் கூடாதா என்று அவளிடம் பல்லிளித்துப் பார்த்தார்.

தையல்காரருக்கு மட்டும் இந்த வீட்டை விட்டுப் போக மனசே இல்லை.

"சத்தமா? அப்படி ஒண்ணும் பெருசா இல்லம்மா," என்றார் கூசாமல்.

கல்யாணமான புதிதில் இதே கூடத்தில்தான் அவரும் மனைவியும் முதல் ராக்கெட்டைக் கேட்டார்கள். கண்ணாடியெல்லாம் படபடக்க, அவள் அலறியடித்து ஓடி வந்து, மாமியார் பார்க்கிறாளே என்றுகூட இல்லாமல் அவரைக் கட்டிக்கொண்டாள். அதற்கப்புறம் அடுத்த ராக்கெட்டுக்கு விஞ்ஞானிகளைவிட அவர்தான் அதிகம் ஏங்கினார்.

என்ன காலம் அது! அவர் மெஷினை மிதிப்பார். அவள் பக்கத்தில் காஜா எடுத்துக்கொண்டே ரேடியோவோடு போட்டி போட்டுப் பாடுவாள். சுருதி சேராது. ஆனாலும் அவள் நிறுத்திவிட்டால் அவருக்குக் கை ஓடாது, கால் ஓடாது.

வானம் உறுமியது. தெரு முழுக்கக் கதவுகள் தடதடத்தன. இந்த வீட்டுக் கண்ணாடி மட்டும் கப்சிப்.

அந்தப் பெண் எண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"வரம்புக்குள்ளதான் சார் இருக்கு."

தையல்காரருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

உள்ளறையிலிருந்து மனைவி வந்தாள். ஜன்னல் கண்ணாடியில் பதித்திருந்த உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"என்னங்க, இன்னைக்கு ராக்கெட் போகலையா?"

ஒரு காய்ச்சலில் அவள் காது போய்ப் பல வருஷம் ஆகிறது. ரேடியோ நின்றது, பாட்டும் நின்றது. ராக்கெட் ஒன்றுதான் இன்னும் அவளுக்குக் கேட்கும், அந்தக் கண்ணாடி வழியாக. தள்ளிப் போனால் அதுவும் கிடையாது. அதைக் காப்பாற்றத்தான் இத்தனை கூத்தும்.

அப்படிக் கேட்ட அவள் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

திரையை விலக்கினார். அந்தப் பெண் பார்க்கப் பார்க்க, துணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார்.