மை வைத்த விரல்

“எல்லாரும் வெளிய வாங்க. இடது கையை நீட்டிக்கிட்டு வரிசையா நில்லுங்க.”

துப்பாக்கிக் கட்டையால் தகரக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டதும் ஜோகா எழுந்து வெளியே வந்தான். அண்ணன்மார் வந்துவிட்டார்கள். காட்டுக்குள் இருக்கும் மாவோயிஸ்டுகளுக்கு சத்தீஸ்கரின் சுக்மா பக்கத்து ஊர்களில் அதுதான் மரியாதையான பெயர்.

பஞ்சாயத்துத் தேர்தலில் ஓட்டுப் போட்டால் விரலை வெட்டுவோம் என்று அவர்கள் ஒரு மாதமாகச் சொல்லிவந்தார்கள். ஓட்டுப் போடாதவன் யார் பக்கம் என்று எங்களுக்குத் தெரியும் என்று துணை ராணுவத்தினர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மை இருந்தால் அண்ணன்மாரிடம் மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் ராணுவத்திடம்.

ஓட்டு வேண்டுமானால் போடுகிறோம், மை மட்டும் வேண்டாம் என்று நேற்று ஊரே தேர்தல் அதிகாரியிடம் கெஞ்சியது. மை இல்லாமல் ஜனநாயகம் இல்லை என்று சொல்லி அவர் ஆளுக்கு இரண்டு கோடு கூடுதலாகவே இழுத்து அனுப்பினார்.

வீடு திரும்பியதும் ஜோகாவும் மனைவி ஹுங்கியும் பச்சைப் பப்பாளிப் பாலைத் தடவி, ஆற்று மணலில் தேய்தேய் என்று தேய்த்தார்கள். தோல் போனது. கூடவே மையும் போனது.

மற்றவர்களுக்கு அந்த யோசனை வரவில்லை. மாமரத்தடியில் நின்றவர்களில் முக்கால்வாசிப் பேரின் இடது ஆள்காட்டி விரலில் துணிக் கட்டு.

தளபதி கோசா ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டு வந்தான். ஒருவன் கோடாலி தவறிவிட்டது என்றான். அடுத்தவன் செவ்வெறும்பு கடித்தது என்றான். அதற்கடுத்த நான்கு பேரையும் கோழி கொத்தியிருந்தது.

“உங்க ஊருக் கோழிக்கு வேற வேலையே இல்லையாடா?”

கட்டுகளை அவிழ்க்கச் சொன்னான். எல்லாம் கருநீலம். அவன் யாரையும் அடிக்கவில்லை. ஒவ்வொரு விரலையும் பார்த்துப் பெருமூச்சு விட்டு நகர்ந்தான். அதுதான் ஊரை இன்னும் பயமுறுத்தியது.

ஜோகாவிடம் வந்ததும் நின்றான். விரலை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகர்ந்தும் பார்த்தான்.

“நீ ஓட்டுப் போடல?”

“இல்லண்ணே. நேத்து பூரா வயித்தால போச்சு.”

“ஆமாண்ணே,” என்றாள் ஹுங்கி. “புதருக்குள்ள போனவரு பொழுது சாஞ்சுதான் வந்தாரு.”

கோசா தன் ஆட்களைப் பாதையைக் காவல் காக்க அனுப்பினான். ஊரைக் கலைந்துபோகச் சொன்னான். பிறகு ஜோகாவின் தோளில் கைபோட்டு, இலுப்பை மரத்துக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனான். ஹுங்கி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

ஜோகா கண்ணை இறுக மூடிக்கொண்டான். வெட்டத்தான் வேண்டுமென்றால் சுண்டு விரலை எடுத்துக்கொள்ளும்படியும், வில்லைப் பிடிக்க ஆள்காட்டி விரல் வேண்டும் என்றும் மன்றாடினான்.

கோசா இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“நேத்து வரிசையில உனக்குப் பின்னாடி முக்காடு போட்டு நின்னது நான்தான்டா. என் பொண்டாட்டி தலைவர் பதவிக்கு நிக்கிறா, போடாம வீட்டுக்குப் போக முடியுமா? நாளைக்கு மேலிடத்துலேருந்து எங்க விரலைப் பாக்க வர்றாங்க. எதைப் போட்டுத் தேச்சே, சீக்கிரம் சொல்லு.”